கதவடியில் ஒரு சாண்

பின்னேரம் நாலரை மணி. டிசம்பர் மாதம். இருட்டி ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நோர்வேயில் லில்லெஸ்ட்ரோம் ரயில் நிலையத்தில் இறங்கி, கடைகளைத் தாண்டி, கடைசித் தெருவிளக்கையும் தாண்டி ஒருவர் நடந்து போகிறார். இரண்டு பக்கமும் பனி மூடிய வயல். மைனஸ் இருபத்தொன்று. அந்தக் குளிரில் பனி ஈரமாக இருக்காது... காலை வைத்தால் காய்ந்த ரொட்டியைக் கடிப்பது போல ஒரு சத்தம். வேறு சத்தம் இல்லை. தெருமுனையில் ஒரு மரவீடு. கீழே குசினியில் வெளிச்சம். மேலே, மகளின் அறையில், இருட்டு.

அவர் பெயர் ஸ்ரனிஸ்லாஸ். என்னோடு வேலை செய்கிற அருட்செல்வத்தின் மச்சான். அருட்செல்வத்தின் தங்கை யோசெப்பினைக் கட்டியவர். நடந்தது 2002இல்.

"அண்ணை, ஒரு நிமிசம்." ரிஷிகேசன் எழும்பினான்.

நான் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கியது ஆறு வருடம் கழித்து, ஒஸ்லோவில் குரோருட்டில், எங்கள் வீட்டில். நத்தார்ப் பண்டிகை முடிந்த கிழமை. கடைசி ரயிலை விட்டுவிட்டு அவனும் மனைவி ராகவியும் எங்களோடு தங்கியிருந்தார்கள்.

"அந்தக் கோறிடோர்க் கதவைச் சாத்திப்போட்டு வாறன். குளிர் காலுக்குள்ளாலை ஏறுது."

"சாத்து. முழுக்கச் சாத்தாதை. ஒரு விரல் போற அளவு விடு."

"ஏன், பேய்க்கு மூச்சு முட்டுமோ?"

ராகவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஒரு விரல் இடைவெளி விட்டு வந்து, ராகவியின் போர்வைக்குள் காலை நீட்டி இருந்தான்.

சரி. அந்த வீட்டுக்கு வருவோம்.

ஆவணியில் வாங்கின வீடு. பழசு, இரண்டு தட்டு. கீழே இருக்கிற அறையில் விறகு போடும் இரும்பு அடுப்பு. மேலே படுக்கையறைகள். விசித்திரம் என்னவென்றால் வீட்டுக்குள்ளே கதவுகள் இல்லை. வாசல் கதவு இருந்தது, கழிப்பறைக்கு ஒன்று இருந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் நிலை. நிலைகளில் பிணைச்சல் இருந்த குழிகள், மேலே பூச்சு அடித்து மூடியபடி. ஒரு காலத்தில் கதவுகள் இருந்திருக்கின்றன. யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

அந்த வருடம் மழை பொய்த்தது. அணைகளில் தண்ணீர் இல்லை, மின்சாரம் தட்டுப்பாடு. ஊரெல்லாம் வேண்டாத அறைகளைப் பூட்டி, இருக்கிற அறையை மட்டும் சூடாக்கினார்கள். ஸ்ரனிஸ்லாசுக்குப் பூட்டக் கதவில்லை. அடுப்பின் சூடு படிக்கட்டால் நேரே மேலேறிக் கூரையால் போய்விடும். மேலே இருந்து குளிர் இறங்கும். தண்ணீர் போல, ஒவ்வொரு படியாக. கீழ்ப்படியில் இருந்தால் அது கணுக்காலைத் தொட்டுக்கொண்டு போவது தெரியுமாம்.

அவர் காசுக்காகக் கவலைப்படவில்லை. மகள் நிலூஜாவுக்கு ஆறு வயது. ஒரு வயதிலிருந்து தொய்வு. குளிர்காற்று பட்டால் நெஞ்சு அடைத்துவிடும். சுகமாக இருக்கும் நாளிலும் அவள் மூச்சு விடும்போது முடிவில் மெல்லிய விசில் ஒன்று வரும். கேத்தில் கொதிக்கத் தொடங்குமுன் ஒரு சத்தம் வருமே... அந்த அளவு. தாயும் தகப்பனும் ஐந்து வருடமாக அந்த விசிலைக் கேட்டுத்தான் தூங்கினார்கள். அது மாறினால் இருவருக்கும் விழிப்பு வந்துவிடும். கட்டிலருகே நீலப் பம்ப் இருக்கும். குலுக்கி, வாயில் வைத்து, ஒரு அமத்தல். ப்ஸ்... விசில் தணியும்.

ஐப்பசியில் அவளுடைய அறையில் பதினைந்து பாகை. அதைப் பார்த்துத்தான் அவர் கதவு போட முடிவெடுத்தார்.

கதவு வாங்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் விறகுக் கொட்டிலில் ஐந்து கதவுகள் கிடந்தன. வெள்ளைப் பூச்சு, கனத்த பைன் மரம். முகத்தைச் சுவருக்குத் திருப்பிச் சாய்த்து வைத்திருந்தது. வீட்டு நிலைகளை எண்ணிப் பார்த்தார். ஐந்து. அவருக்குச் சந்தோசம். முதலாவதைத் தூக்கி வெளியே கொண்டுவந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, கீழ்ப்பக்கம் ஒரு சாண் அறுத்திருந்தது. ஐந்திலும் அப்படித்தான். நேராக அறுக்கவில்லை. கைவாளால், அவசரத்தில், கோணலும் மாணலுமாக.

ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. கீழே பலகை அடித்தால் சரி.

பக்கத்து வீட்டில் ஒத்வார் என்றொரு கிழவர், தனி ஆள். பனி வழிக்கும் சவளோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு நோர்வே மொழியில் கேட்டார்.

"அந்தக் கதவுகளை இன்னும் எரிக்கவில்லையா?"

"நல்ல மரம்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

"போடுவதென்றால் போடு. கீழே மட்டும் அடைக்காதே. சூட்டை மறிக்கலாம். காற்றை மறிக்கக்கூடாது."

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னார்.

"கிழவன் காத்து வேணும் எண்டு சொல்லுது. காத்து வாங்கவே நாங்கள் நோர்வேக்கு வந்தனாங்கள்?"

"அந்த மனிசன் இந்தக் குளிரிலையும் ஜன்னலைத் திறந்துபோட்டுப் படுக்கிறது," என்றாள் யோசெப்பின். "அதின்ரை கதையைக் கேட்டால் பிள்ளை விறைச்சுப் போயிடும். நீங்கள் முதல்லை குசினிக்குப் போடுங்கோ. ஜக்கெற்றெல்லாம் மீன் மணக்குது. பள்ளிக்கூடத்திலை ஒரு பெட்டை இவளைப் பார்த்து மூக்கைப் பொத்தினவளாம்."

எங்கள் வீடுகளில் இது எல்லாருக்கும் தெரிந்த கதை. மீன் பொரித்தால் மணம் குளிர் ஜக்கெற்றில் ஏறிவிடும், ஒரு கிழமைக்குப் போகாது. குசினிக் கதவின் கீழே ஒரு சாண் சந்து இருந்தால் கதவு போட்டு என்ன பயன். அவர் பலகை அடித்தார். பலகைக்கும் தரைக்கும் இடையில் ஸ்பொஞ் ஒட்டினார். படிக்கட்டுக் கதவுக்கும் அப்படியே. பிறகு நிலூஜாவின் அறை.

இங்கே ஒவ்வொரு அறைச் சுவரிலும் கைக்குட்டை அளவில் ஓர் ஓட்டை இருக்கும், மூடி போட்டபடி. காற்று வர விட்டது. நம்மில் யார் அதை அடைக்கவில்லை? இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலம் நானும் பழைய சாரத்தைக் கிழித்துத் திணித்தேன். அவரும் திணித்தார். மேலே ஒட்டுநாடாவும் போட்டார்.

அறை சூடானது. பதினைந்து இருபத்திரண்டாகியது.

"இப்பதான் மனிசர் இருக்கிற வீடு," என்றாள் யோசெப்பின்.

ஒரு கிழமை ஒன்றுமில்லை. பிறகு சின்னச் சின்னதாக... கீழே படிக்கட்டுக் கதவைச் சாத்தினால் மேலே நிலூஜாவின் கதவு டொக் என்று ஒருமுறை நிலையில் இழுபடும். குசினியில் புகை இழுக்கிற விசிறியைப் போட்டால் எல்லாக் கதவும் ஒருமுறை இறுகும். யாரோ ஒரேயடியாக மூச்சை உள்ளே இழுத்து வைத்திருப்பது போல. விசிறியை நிறுத்தினால் தளரும்.

"காத்து," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். அது காற்றுத்தான். அதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஒருநாள் காலை யோசெப்பின் மேலே போனாள். மகளின் கதவில், வெளிப்பக்கம், ஈரம். கீழே அடித்த புதுப் பலகையில் உள்ளங்கை அளவில் வட்டமாக ஒரு பூப்பு. கண்ணாடிக்கு முன்னால் மூச்சு விட்டால் படியுமே, அப்படி. துடைத்தாள். அடுத்த நாளும் அதே இடத்தில். தரையிலிருந்து நாலு விரல் உயரம்.

"உள்ளை சூடு, வெளியிலை குளிர். சந்துக்குள்ளாலை சூடு ஒழுகுது. அதுதான் பூக்குது," என்றார் அவர். கதவைச் சாத்தினால் சந்தே இல்லாதபடி அதன் விளிம்பு முழுக்கச் சிலிக்கன் பசை பூசினார். விரலால் தடவிப் பார்த்தார். நூல் போகவும் இடமில்லை.

அடுத்த நாள் காலை பூப்பு இருந்தது.

வாசமும் இருந்தது என்று யோசெப்பின் பிறகு சொன்னாள். நனைந்த கம்பளி வாசம். அதோடு கற்பூரம். அவர்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்; வீட்டில் கற்பூரம் வைத்திருப்பதில்லை. அவள் கணவனிடம் சொல்லவில்லை. பிள்ளை இருமாமல் தூங்குகிறாள், அறை சூடாக இருக்கிறது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்தப் பின்னேரம்.

ஒஸ்லோவில் பேக்கரி வேலை முடித்து ஸ்ரனிஸ்லாஸ் வாசல் கதவைத் திறந்தார். கோறிடோரில் நின்று மணந்து பார்த்தார். ஜக்கெற்றுகள் வரிசையாகத் தொங்கின. மீன் வாசம் துளியும் இல்லை. குசினிக் கதவுக்குப் பின்னால் விசிறி முழு வேகத்தில் இரைந்தது. எண்ணெய் பொரிகிற சத்தம். எல்லாம் அவர் நினைத்தபடி வேலை செய்தது.

"பிள்ளை எங்கை?"

"நித்திரை," கதவுக்கு அந்தப் பக்கமிருந்து யோசெப்பின் சொன்னாள். "கொஞ்சம் தடிமன், மூக்கு ஒழுகுது. பள்ளிக்கூடத்தாலை வந்த உடனை படுத்திட்டாள்."

"பார்த்தனீரோ?"

"ரெண்டுதரம் போய்க் கேட்டனான். காதை வைச்சுக் கேட்டன். நல்லா மூச்சு விடுறாள். கதவைத் திறந்தால் சூடு போயிடும் எண்டு திறக்கேல்லை."

அவர் சப்பாத்தைக் கழற்றினார். படிக்கட்டுக் கதவைத் திறந்து, உள்ளே போய், மறக்காமல் சாத்தினார். மேலே டொக் என்றது. ஏறினார். மகளின் கதவுக்கு முன் நின்று அவரும் காதை வைத்தார்.

மூச்சு கேட்டது. நீளமாக, ஆறுதலாக. உள்ளே... வெளியே. உள்ளே... வெளியே. ஒரு தகப்பன் கேட்க விரும்புகிற மூச்சு.

அவர் திரும்பி ஒரு படி இறங்கிவிட்டார்.

அங்கேயே நின்றார்.

அந்த மூச்சில் விசில் இல்லை.

ஓடிவந்து கைபிடியை அமத்தினார். கதவு உட்பக்கம் திறக்கிற கதவு. திறக்கவில்லை. கீழே விசிறி இழுத்துக்கொண்டிருந்தது, கதவு நிலையோடு ஒட்டியிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். நிலையோடு ஒட்டியிருந்த பசை விளிம்பு கிழிந்தது. கதவு கொஞ்சம் நகர்ந்து, பிறகு மெத்தென்று எதிலோ முட்டி நின்றது. பலமாகத் தள்ளப் பயம். மெதுவாக, மெதுவாகத் தள்ளினார்.

உள்ளே அனல். பசை நாற்றம். நிலூஜா தரையில் கிடந்தாள். முகம் கதவடியில். உதடு நாவற்பழ நிறம். நகத்தால் ஸ்பொஞ்சைப் பிய்த்திருந்தாள், விரல் நுனியெல்லாம் பசை. அவர் முழங்காலில் விழுந்து அவளுடைய நெஞ்சில் கையை வைத்தார்.

நெஞ்சு அசையவில்லை.

மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சீராக. மிகக் கிட்ட. அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில், தரையில். உள்ளே... வெளியே. உள்ளே...

பாதியில் நின்றது.

அப்போது நிலூஜா மூச்சை இழுத்தாள்.

நான் கொஞ்சம் நிறுத்தினேன். ராகவி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். ரிஷிகேசன் கோறிடோர்ப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தான்.

"தப்பிச்சிட்டாளோ அண்ணை?"

அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள். பசை, ஸ்பொஞ், அடைத்த அறை, காய்ந்த சூடு... தொய்வுக்கார நெஞ்சுக்கு இவ்வளவும் போதும் என்று டொக்டர் சொன்னார். பிழை எங்கள் பிழைதான் என்று ஸ்ரனிஸ்லாஸ் தலையாட்டினார். இரண்டாம் நாள் பிள்ளை கதைத்தாள்.

"அப்பா, ஏன் கதவைத் திறந்தனீங்கள்?"

"ஏனம்மா, திறக்கக்கூடாதோ?"

"அது அவவின்ரை தூர். இன்னும் முடியேல்லை."

நோர்வே மொழியில் தூர் என்றால் முறை. பள்ளிக்கூட ஊஞ்சலில் பிள்ளைகள் சொல்லிக்கொள்வார்கள், இது என் தூர், இனி உன் தூர் என்று.

"ஆரின்ரை தூர்?"

"கதவடியிலை படுத்திருந்த பிள்ளையின்ரை. அதுக்குள்ளாலை ஒராளுக்குத்தான் காத்துக் காணும். மாறி மாறி எடுத்தனாங்கள். அவ கனகாலம் எடுக்கேல்லையாம். அதாலை என்ரை தூரையும் அவவுக்குக் குடுத்தன்."

யோசெப்பின் எழும்பி வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த அன்றே அவர் ஐந்து கதவையும் கழற்றினார். கொட்டிலில் வைக்கவில்லை. வயலில் போட்டு எரித்தார். ஒத்வார் வந்து பக்கத்தில் நின்றார். நெருப்பு தணிந்தது. பிறகு கிழவர் தானாகச் சொன்னார்.

அந்த வீட்டில் முதல் இருந்தவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை. ஒத்வார் சிறுவனாக இருந்தபோது அவருடன் படித்தவள். ஒரு மாரியில் தொண்டை அடைத்துப் படுத்தாள். நெஞ்சில் கற்பூர எண்ணெய் தடவி, அறையைச் சூடாக்கி, கதவைச் சாத்தி வைத்தார்கள். காலையில் கதவடியில் கிடந்தாள். தாய் முதலில் எல்லாக் கதவுகளின் அடியையும் அறுத்தாள். அது அவளுக்குப் போதவில்லை. பிறகு கழற்றிவிட்டாள்.

"ஒரு விசயத்தை அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்," என்றார் கிழவர். "அன்று இரவு இரண்டு தரம் கதவில் காதை வைத்துக் கேட்டாளாம். மூச்சு நன்றாக, சீராகக் கேட்டதாம். அதனால்தான் திறக்கவில்லையாம்."

ஸ்ரனிஸ்லாஸ் வீட்டை விற்றார். பியோர்ண்டாலில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு. அங்கே அறைக் கதவுகளையெல்லாம் கழற்றிவிட்டார். சுவர் ஓட்டைகள் மாரியிலும் திறந்தபடி.

நிலூஜாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. தொய்வு மாறிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியோடு சரி. வளரும்போது சில பிள்ளைகளுக்கு மாறும் என்று டொக்டரும் சந்தோசப்பட்டார். பம்ப் எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஓடுகிறாள், பனியில் சறுக்குகிறாள். விசில் இல்லை.

அருட்செல்வம் இதையெல்லாம் எனக்குச் சொன்னது போன மாதம். சொல்ல வைத்தது ஒரு சின்ன விசயம். அவருடைய மகனுக்கும் தொய்வு. ஸ்ரனிஸ்லாஸ் ஒருநாள் ரெலிபோன் எடுத்தாராம்.

"மச்சான், பெடியன்ரை நீலப் பம்ப் மிச்சம் இருந்தால் ஒண்டு தா."

"ஏன், பிள்ளைக்குத் திரும்ப வந்திட்டுதோ?"

"இல்லை. பிள்ளைக்குச் சுகம்."

அவ்வளவுதான். ஒரு வருடத்தில் நாலு தரம் கேட்டார். ஐந்தாம் தரம் அருட்செல்வம் பம்பைத் தானே கொண்டுபோனார். பனி கொட்டி பஸ் நின்றுவிட்டது. அங்கேயே படுத்தார், ஹோலில், சோபாவில். அங்கிருந்து பார்த்தால் நிலூஜாவின் அறை வாசல் தெரியும். கதவு இல்லாத நிலை. உள்ளே கட்டில், தலையணையில் பிள்ளையின் தலைமயிர்.

இரண்டு மணி இருக்கும். தூக்கம் வரவில்லை. பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். நீளமாக, ஆறுதலாக, உள்ளே... வெளியே. பிறகு ஒரு அமைதி. ஒரு மூச்சு எடுக்கிற அளவு. திரும்பவும் உள்ளே... வெளியே. அமைதி. ஒவ்வொரு தரமும் அப்படி. ஒன்று விட்டு ஒன்று.

அந்த அமைதியை அவர் உன்னிப்பாகக் கேட்டார்.

அது அமைதி இல்லை. அதற்குள் மெல்லிய விசில் ஒன்று இருந்தது. கேத்தில் கொதிக்கத் தொடங்குமுன் வருகிற சத்தம். கட்டிலில் இருந்து வரவில்லை. கீழே இருந்து வந்தது. கதவு இருந்திருந்தால் கதவடி இருக்கும் இடத்தில் இருந்து.

அப்போதுதான் அருட்செல்வம் கண்டார். வாசல் நிலைக்குக் குறுக்கே, வெறுந்தரையில், ஸ்ரனிஸ்லாஸ் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஆறு வருடமாக அங்கேதான் படுக்கிறார் என்று யோசெப்பின் பிறகு சொன்னாள். முகத்தைத் தரைக்குக் கிட்ட வைத்து, ஒரு கையால் எதையோ தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

விசில் கூடியது. இழுத்தது.

அவர் மற்றக் கையில் இருந்த நீலப் பம்பைக் குலுக்கினார். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் பிடித்தார்.

ப்ஸ்...

"எடு குஞ்சு," என்றார். "இது உன்ரை தூர்."

விசில் தணிந்தது.